கேசிட்டரைட்: வெள்ளீயத் தாதுவை அடையாளம் காணும் முறை

வெள்ளீயம் தனி உலோகமாக இயற்கையில் கிடைப்பது மிக அரிது. உலகில் உருக்கி எடுக்கப்படும் வெள்ளீயத்தின் பெரும்பகுதி கேசிட்டரைட் என்னும் ஒரே கனிமத்திலிருந்து வருகிறது. மின்னணுப் பலகைகளில் பற்றவைக்கும் சால்டரும், உணவு டப்பாக்களின் பூச்சும், அடுப்பில் ரசம் கொதிக்கும் ஈயச்சொம்பும் இந்தக் கல்லிலிருந்தே பிறக்கின்றன. வெள்ளீயமும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த இக்கனிமம் தூய்மையாக இருக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 78.8 விழுக்காடு உலோகமாகும். இவ்வளவு வளமான தாதுவாக இருந்தும், உலோகத்தின் சாயல் சிறிதும் இல்லாமல் கருங்கல் துணுக்கைப் போலவோ பழுப்புக் கண்ணாடித் துண்டைப் போலவோ அது கிடப்பதால், கையில் எடுத்தவர்களே அறியாமல் வீசிவிடுவதும், வேறொரு கரிய கனிமத்தை இதுவென்று நம்பிப் பையை நிரப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கின்றன.

நிலவியல் மாணவர்களுக்கும், கல் சேகரிக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கும், பழைய ஈயச் சுரங்கப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கும் பயன்படும் என்று கருதி, அதிகச் செலவில்லாத சோதனைகளை அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். அவற்றுள் எந்த ஒன்றும் தனியாக நின்று இது கேசிட்டரைட் என்று உறுதி சொல்லாது. எடை, கடினம், தூளின் நிறம், துத்தநாகச் சோதனை ஆகிய நான்கும் ஒரே விடையைத் தரும்போதுதான் நம்பலாம். கல்லின் வெளிநிறத்தை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. பேச்சில் ‘ஈயம்’ என்று பொதுவாகச் சொல்வது வெள்ளீயத்தையும் குறிக்கும், நச்சுள்ள காரீயத்தையும் குறிக்கும். ‘தகரம்’ என்னும் சொல்லோ வெள்ளீயத்துக்கு உரியதாக இருந்தும், இன்று கூரை வேயும் இரும்புத் தகட்டுக்குப் பெயராகிவிட்டது. அத்தகட்டின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இக்கட்டுரையில் வெள்ளீயம் என்று வருமிடமெல்லாம் கேசிட்டரைட்டிலிருந்து கிடைக்கும் உலோகத்தை மட்டுமே குறிக்கிறேன்.

எங்கே தேடுவது

கேசிட்டரைட் கண்ட இடத்தில் கிடைக்கும் கனிமம் அன்று. கிரானைட் குழம்பு ஆழத்தில் ஆறி இறுகும்போது, படிகங்களுக்குள் இடம் கிடைக்காத வெள்ளீயம் கடைசியில் எஞ்சும் சூடான கரைசல்களில் சேர்ந்து, பாறையின் வெடிப்புகளில் குவார்ட்ஸ் நரம்புகளோடு படிகிறது. சில இடங்களில் கிரானைட்டையே குவார்ட்ஸும் வெள்ளை மைக்காவும் நிறைந்த வேறொரு பாறையாக மாற்றிவிட்டு அதற்குள் தங்குகிறது. பெக்மடைட் எனப்படும் பெரும்படிகப் பாறைகளிலும் வருகிறது. டூர்மலின், டோபாஸ், ஃப்ளூரைட், வுல்ஃப்ரமைட், ஆர்செனோபைரைட் ஆகியவை அதன் வழக்கமான கூட்டாளிகள். இவற்றில் இரண்டு மூன்று ஓரிடத்தில் தென்பட்டால் அங்கே பொறுமையாகத் தேடலாம். பசால்ட் பரந்த நிலத்திலோ, கிரானைட்டின் தொடர்பே இல்லாத மணற்பாறையிலோ கிடைத்த கருங்கல்லை கேசிட்டரைட் என்று எண்ணுவதற்கு முன் மிகவும் தயங்க வேண்டும்.

பாறை சிதைந்து மண்ணாகும்போது மற்றவை கரைந்தும் தேய்ந்தும் போக, கேசிட்டரைட் கரையாமல், எடையினால் வெகுதூரம் அடித்துச் செல்லப்படாமல், ஓடையின் அடிப்பரலில் தங்கிவிடுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவையும் கம்பாரையும் உள்ளடக்கிய கிந்தா பள்ளத்தாக்கு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. இருபுறமும் கிரானைட் மலைத்தொடர்கள், நடுவே சுண்ணாம்புக்கல் தரை. மழைநீர் அரித்ததால் அந்தத் தரை பள்ளமும் முளையுமாக மாறியிருந்தது. மலையிலிருந்து வந்த தாது அப்பள்ளங்களில் சிக்கிச் சேர்ந்தது. தாது நிறைந்த அந்தப் பரல் அடுக்கை அங்கே மலாய் மொழியில் ‘காராங்’ என்பார்கள். அதன் மேல் பல அடி களிமண்ணும் மணலும் மூடியிருக்கும். சுரங்கத் தொழில் முழுவதும் அந்த மூடியை அகற்றிக் காராங்கை அடைவதற்கான முயற்சியாகவே இருந்தது. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் டிடி5 என்னும் மிதக்கும் தூர்வாரி 1938இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ 4,500 டன் எடையோடு, 1982 வரை அந்த வேலையைச் செய்தது. 1985 அக்டோபரில் பன்னாட்டு வெள்ளீய மன்றம் நிதி வற்றி விலையைத் தாங்க முடியாமல் கைவிட்டதும் விலை சரிந்து, பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இன்று அங்கே குளங்களும் வெண்மணல் வெளிகளும் மீந்திருக்கின்றன.

இந்தியாவில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி, குறிப்பாகத் தந்தேவாடா, சுக்மா மாவட்டங்களின் பெக்மடைட் பாறைகளும் அவற்றை ஒட்டிய ஓடைகளும் இக்கனிமத்துக்குப் பெயர்பெற்றவை. அங்குள்ள பழங்குடி மக்கள் மண்ணைக் கழுவித் தாதுவைப் பிரிக்கிறார்கள். அரியானாவின் தோஷாம் குன்றுகளிலும் இது உண்டு. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் கரிய மணல் கேசிட்டரைட் அன்று. அது இல்மனைட், கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றின் கலவை. அதை அள்ளுவதற்குச் சட்டத் தடையும் இருப்பதால், இந்தச் சோதனைகளுக்காக அங்கே போக வேண்டாம். பேராக்கிலும் பஸ்தரிலும்கூட ஓடை மண்ணைக் கழுவித் தாது எடுக்க உரிய அனுமதி வேண்டும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: எடை

கேசிட்டரைட்டின் ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள நீரைவிட அது எத்தனை மடங்கு கனம் என்னும் எண், 6.8 முதல் 7.1 வரை. சாதாரண ஆற்றுக் கூழாங்கல்லின் அளவு 2.65 மட்டுமே. ஆகவே ஒரே பருமனுள்ள இரண்டு கற்களை இரு கைகளிலும் ஏந்தினால் வேறுபாடு உள்ளங்கைக்கே தெரியும். சில முறை பழகியவர்களின் கை இதில் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆயினும் கையின் கணிப்பை எண்ணால் சரிபார்ப்பது நல்லது. அதற்குச் சமையலறை மின்னணுத் தராசு போதும். ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசாக இருந்தால் மேலும் நன்று.

கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு நீருள்ள ஒரு குவளையைத் தராசின் மேல் வைத்து, காட்டும் எண்ணைப் பூச்சியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, நீருக்குள் முழுவதும் மூழ்குமாறும், அடியையோ பக்கத்தையோ தொடாதவாறும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண், கல் விலக்கிய நீரின் எடை, அதாவது கல்லின் பருமன். முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 68 கிராம் எடையுள்ள கல் நீரில் தொங்கும்போது 10 என்று காட்டினால் விடை 6.8. கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழிகள் விடையைக் குறைத்துவிடும் என்பதால், நூலைச் சற்று ஆட்டி அவற்றை விடுவித்த பிறகே எண்ணைப் படியுங்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தாது பெரும்பாலும் குவார்ட்ஸோடு ஒட்டியே கிடைக்கும். கல்லின் பருமனில் பாதி கேசிட்டரைட்டாகவும் பாதி குவார்ட்ஸாகவும் இருந்தால் மொத்த ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.8 ஆகும், இது இல்மனைட்டின் அளவுக்கு மிக அருகில் இருப்பதால், நல்ல தாதுவை இல்மனைட் என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. ஆகவே கலப்புக் கல்லாக இருந்தால் கரிய பகுதியை மட்டும் தனியே உடைத்தெடுத்துச் சோதிக்க வேண்டும். மணல் அளவான துகள்களுக்கு நூல் உதவாது. அதற்கு, மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நீர் நிரப்பி எடை பாருங்கள். அது 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த துகள்கள் 14 கிராம் எடுத்து அதனுள் போட்டு, வழிந்த நீரைத் துடைத்து, மீண்டும் விளிம்பு வரை நிரப்பி நிறுத்தால் 72 கிராம் வருகிறது என்றால், 60உம் 14உம் சேர்ந்த 74இலிருந்து 72 போக, விலகிய நீர் 2 கிராம், ஒப்படர்த்தி 7.

கடினம், தூள், வடிவம்

எடை மட்டும் போதாததற்குக் காரணம், வேறு சில கனிமங்களும் இதே அளவு கனமானவை. வுல்ஃப்ரமைட் 7.1 முதல் 7.5 வரை செல்லும். காரீயத்தின் தாதுவான கலீனா 7.5, டான்டலம் மிகுந்த கொலம்பைட் வகைகளும் இந்த எல்லைக்குள் வரும். இவற்றுள் கலீனாவையும் வுல்ஃப்ரமைட்டையும் ஒரு கத்தியால் பிரித்துவிடலாம். கேசிட்டரைட்டின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில், 6 முதல் 7 வரை என்பதால், அதன் விளிம்பு கண்ணாடியைக் கீறும், சாதாரண எஃகுக் கத்தியோ அதைக் கீறாது. கலீனா நகத்துக்குச் சற்று மேலான கடினம் மட்டுமே உடையது. வுல்ஃப்ரமைட்டைக் கத்தி கீறிவிடும். மேலும் அது ஒரே திசையில் தட்டையாகப் பிளந்து பளபளக்கும் முகத்தைக் காட்டும். கேசிட்டரைட் அவ்வாறு பிளப்பதில்லை. ஒழுங்கற்றோ, உடைந்த கண்ணாடியைப் போல மெல்லக் குழிந்தோ உடையும்.

அடுத்தது தூளின் நிறம். ஒரு சிறு துணுக்கைத் தடித்த துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கேசிட்டரைட்டின் தூள் வெண்மையாகவோ, மிக வெளிறிய பழுப்பாகவோதான் இருக்கும். வுல்ஃப்ரமைட், கொலம்பைட், மேக்னடைட் ஆகியவை கரும்பழுப்பு அல்லது கறுப்புத் தூளையும், ஹெமடைட் செந்தூளையும் தரும். மெருகூட்டாத பீங்கானில், எடுத்துக்காட்டாகச் சுவர் ஓட்டின் பின்புறத்தில், தேய்த்துப் பார்க்கும் வழக்கமான முறையும் உண்டு. ஆனால் கேசிட்டரைட் ஏறக்குறைய அந்தப் பீங்கான் அளவுக்கே கடினமானது என்பதால் கோடு சரியாக விழாது. நொறுக்கிப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஸ்பாலரைட், டூர்மலின், ரூட்டைல் ஆகியவற்றின் தூளும் வெளிறியே இருக்கும், அவை 4.3ஐத் தாண்டாத எடையினால் முன்னரே விலகியிருக்க வேண்டும்.

பிறகு உருப்பெருக்கியை எடுங்கள். பத்து மடங்கு போதும். நல்ல படிகங்களின் முகம் வைரத்தை நினைவூட்டும் கூர்மையான மிளிர்வைத் தரும். இதன் ஒளிவிலகல் எண் 2.0ஐ ஒட்டி, கண்ணாடியைவிட மிக உயர்ந்திருப்பதே காரணம். வெயிலுக்கு எதிரே பிடித்தால், கறுப்பாகத் தோன்றிய துகளின் மெல்லிய விளிம்பு தேன் நிறமாகவோ செம்பழுப்பாகவோ ஒளிவிடும். இல்மனைட்டில் இது ஒருபோதும் நிகழாது. படிகங்கள் நான்முகப் பட்டகமும் கூம்புமாக வளரும். இரண்டு படிகங்கள் முழங்கை மடிந்ததைப் போல இணைந்த இரட்டைகளும் அடிக்கடி வரும், ஆனால் ரூட்டைலும் அதே அமைப்புடைய கனிமம் என்பதால் அதிலும் முழங்கை இரட்டை உண்டு. எல்லாக் கேசிட்டரைட்டும் படிகமாக இருப்பதில்லை. மரத்தின் வளையங்களைப் போலப் பழுப்புப் பட்டைகள் கொண்டு, உருண்டையாகவும் நாரமைப்போடும் இருக்கும் ‘மர ஈயம்’ என்னும் வகையும் உண்டு. காரன்வாலிலும் பொலிவியாவிலும் மெக்சிகோவிலும் கிடைத்த அவ்வகைக் கற்களைப் பார்ப்பவர் அதைக் கல்லாகிப்போன மரத்துண்டு என்றே முதலில் எண்ணுவார்.

நீரில் கழுவிப் பிரித்தல்

கிந்தா பள்ளத்தாக்கில் ‘டூலாங்’ என்னும் ஆழமற்ற வட்ட மரத்தட்டை ஏந்தி, இடுப்பளவு நீரில் நின்று தாது கழுவியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கை வேகத்தின் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நீருக்குள் ஒவ்வொரு துகளும் தன் பருமன் அளவு நீரின் எடையை இழக்கிறது. அதனால் குவார்ட்ஸின் 2.65 நீருக்குள் 1.65 ஆகவும், கேசிட்டரைட்டின் 6.9 அதே கணக்கில் 5.9 ஆகவும் குறைகின்றன. காற்றில் இரண்டரை மடங்காக இருந்த வேறுபாடு நீரில் மூன்றரை மடங்காகிறது. இல்மனைட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். வெண்மணல் எளிதில் வெளியேறுவதற்கும், கடைசியில் கரிய கனிமங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய மறுப்பதற்கும் இதுவே காரணம்.

மண் எடுக்குமிடம் முக்கியம். ஓடை வளையும்போது உட்பக்கத்தில் ஒதுங்கும் பரல், பெரும்பாறைகளின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்புகள் ஆகியவற்றில் எடுங்கள். மேலே படிந்த புது மணலில் எதுவும் இராது. முதலில் 2 மில்லிமீட்டர் சல்லடையால் சலித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பெரிய குவார்ட்ஸ் துண்டும் சிறிய தாதுத் துகளும் நீரில் ஒரே வேகத்தில் அமிழும். தட்டை நீருக்குள் முழுவதும் மூழ்கவைத்து, களிமண் கட்டிகளைக் கையால் கரைத்துவிடுங்கள். களிமண் கரையாமல் இருந்தால் தாதுவையும் சேர்த்து உருட்டி வெளியே கொண்டுபோய்விடும். பிறகு தட்டை வட்டமாகச் சுழற்றி, கனமானவை அடிக்குச் செல்ல நேரம் கொடுத்து, ஒரு பக்கம் சற்றே சாய்த்து, மேல் மணலை மட்டும் நீரோடு வழியவிடுங்கள். சுழற்றுவதும் சாய்ப்பதும் மாறி மாறி வர வேண்டும். அவசரப்பட்டுச் சாய்ப்பவர்கள் இழப்பது நுண்துகள்களைத்தான், அதுவும் எளிதில் நொறுங்கும் கேசிட்டரைட்டில் நுண்துகள்களின் பங்கு சிறியதன்று.

இறுதியில் ஒரு கரண்டியளவு கருமணல் மிஞ்சும். அதை உலர்த்தி, தாளின் மேல் பரப்பி, வலுவான நியோடிமியக் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு மேலே நகர்த்துங்கள். மேக்னடைட் தாவி ஒட்டும். காந்தத்தை மிக அருகில் கொண்டுவந்தால் இல்மனைட்டும் ஒட்டும். ஒட்டாமல் எஞ்சுவதில் கேசிட்டரைட்டும் சிர்க்கானும் ரூட்டைலும் இருக்கும். இரும்பு கலந்த சில கேசிட்டரைட் துகள்களும் மெல்ல ஈர்க்கப்படலாம் என்பதால், காந்தம் பிரித்ததை உடனே கொட்டிவிடாதீர்கள்.

மலேசியாவில் தாது எடுத்தபின் எஞ்சும் இந்தக் கரிய கனிமக் கலவைக்கு ‘ஆமாங்’ என்று பெயர். அதிலுள்ள மோனசைட்டில் தோரியமும் ஓரளவு யுரேனியமும் இருப்பதால் அது கதிரியக்கம் உடையது. சோதனைக்கு ஒரு சிட்டிகை போதும். கிலோக் கணக்கில் வீட்டில் சேர்த்துவைக்கவோ, உலர்ந்த நிலையில் தூசி பறக்க ஊதவோ கூடாது. பழைய சுரங்கக் குளங்களின் கரைகளும் ஆபத்தானவை. அவை செங்குத்தாக ஆழ்ந்திருக்கும், கரை மணல் எச்சரிக்கையின்றிச் சரியும். தனியாக அங்கே இறங்காதீர்கள்.

துத்தநாகச் சோதனை

கேசிட்டரைட்டை அமிலங்கள் கரைப்பதில்லை. ஆனால் துத்தநாகத்தின் மேல் அமிலம் வினைபுரியும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேசிட்டரைட் துகளின் மேற்பரப்பு மட்டும் ஆக்சிஜனை இழந்து உலோக வெள்ளீயமாக மாறுகிறது. கனிமம் தன் உலோகத்தைத் தானே உடுத்திக்கொள்ளும் இந்தச் சோதனை, என் கருத்தில், களத்தில் செய்யக்கூடியவற்றுள் மிகவும் நம்பத்தக்கது.

ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் துத்தநாகத் தகடோ சிறு துண்டுகளோ வாங்கிக்கொள்ளுங்கள். சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் அவற்றைப் பரப்பி, கழுவிய துகள்களை அவற்றின் மேல் நேராகத் தொடும்படி வையுங்கள். கூடவே கேசிட்டரைட் அல்ல என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குவார்ட்ஸ் துகளையும், கிடைத்தால் உறுதியான கேசிட்டரைட் துகள் ஒன்றையும் ஒப்பீட்டுக்காகப் போடுங்கள். 10 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, துகள்கள் மூழ்கும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரை எழும். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் காத்திருந்து, அமிலத்தை நிறைய நீருள்ள பாத்திரத்தில் வடித்து நீர்த்து, துகள்களைக் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்து விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். கேசிட்டரைட் துகள்கள் மங்கிய சாம்பல் போர்வை பெற்றிருக்கும். தேய்த்ததும் அது வெள்ளி போல மின்னும். குவார்ட்ஸ் முன்போலவே இருக்கும். துத்தநாகத்திலிருந்து உதிரும் கரிய அழுக்கு எல்லாத் துகள்களிலும் படியக்கூடும். அது தேய்த்தால் போய்விடும், மின்னாது. தேய்த்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதன் காரணம் இதுதான். ஒன்றும் நிகழாவிட்டால், துகளின் மேல் இரும்புத் துருப் படலம் மூடியிருக்கலாம். அதை நொறுக்கிப் புதிய முகத்தை வெளிப்படுத்தி மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.

அமிலத்தை நீர்க்கும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள்; வெளியாவது ஹைட்ரஜன் என்பதால் அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. இவை எல்லோரும் அறிந்தவை. பலரும் அறியாத ஆபத்து வேறொன்று. வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் கனிமங்கள் சேர்ந்து வருவது வழக்கம். துத்தநாகமும் அமிலமும் ஆர்செனிக்கோடு சேரும்போது ஆர்சின் என்னும் கொடிய நச்சு வாயு உண்டாகலாம். சிறிதளவு சுவாசித்தாலும் அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகையால் வெள்ளி போன்ற ஆர்செனோபைரைட்டோ அது சிதைந்து உண்டாகும் பச்சைப் படிவோ ஒட்டிய கல்லை இச்சோதனைக்கு உட்படுத்தாதீர்கள். மற்றவற்றையும் பத்துப் பதினைந்து துகள்களுக்கு மேல் எடுக்காமல், திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப்புறத்திலிருந்து வீசும்படி நின்று செய்யுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கரித்தூளோடு கலந்து உருக்கி வெள்ளீய மணியை வார்த்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்றாலும், தாதுவிலிருந்து ஆக்சிஜனைக் கரியால் பறிப்பதற்கு அதைவிட மிக உயர்ந்த வெப்பம் வேண்டும். உலைகளில் அது 1,200 பாகையைத் தாண்டும். ஆர்செனிக், காரீயம் ஆகியவற்றின் புகையும் சேர்ந்து எழக்கூடிய அந்த வேலையை வீட்டு முற்றத்தில் செய்யுமாறு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

கல்லில் எவ்வளவு வெள்ளீயம் இருக்கிறது என்பதை ஆய்வகமே சொல்ல முடியும். கல் எடுத்த இடம், ஆழம், சுற்றியிருந்த பாறை, நீங்கள் அளந்த ஒப்படர்த்தி, துத்தநாகச் சோதனையின் விளைவு ஆகியவற்றை எழுதி மாதிரியோடு இணையுங்கள். பல ஆய்வகங்கள் வழக்கமாக மாதிரியை அமிலத்தில் கரைத்து, கரைசலில் இருப்பதைத்தான் அளக்கின்றன. மேலே சொன்னபடி கேசிட்டரைட் அமிலத்தில் கரையாது; ஆகவே வளமான தாதுகூட அந்த அறிக்கையில் ஏறக்குறைய வெறுங்கல்லாகத் தோன்றும். சோடியம் பெராக்சைடு போன்ற காரப்பொருளோடு உருக்கிக் கரைக்கும் முறையிலோ, தூளை அழுத்தி வில்லையாக்கி எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையிலோ வெள்ளீயத்தை அளக்குமாறு மாதிரிப் பையின் மேலேயே தெளிவாக எழுதுங்கள். அறிக்கை வந்ததும் எண்ணைப் பார்க்குமுன், எந்த முறையில் கரைத்தார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.